ஐந்து கட்டங்களுக்குள் அடங்கும் காலம்

கம்ப்யூட்டருக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் கலை

(நமது திருவனந்தபுரம் நிருபர்)

ஸ்ரீ பத்மநாப சுவாமி கோயிலுக்கு வரும் தமிழ்நாட்டு பக்தர்கள் பத்மதீர்த்தக் குளக்கரையில் சற்று நின்று அண்ணாந்து பார்ப்பது வழக்கம். கருவேலப்புரை மாளிகையின் முகப்பில் உள்ள 'மேத்தன் மணி' என்னும் பழைய கடிகாரத்தைத்தான் அப்படிப் பார்க்கிறார்கள். மணி முழுமையானதும் தாடிக்கார முகம் வாயைத் திறக்கும். இரு பக்கமும் இருந்து இரண்டு ஆட்டுக் கடாக்கள் பாய்ந்து வந்து கன்னங்களில் முட்டும். பக்கத்தில் நின்று "இப்போது முட்டு" என்று யாரும் உத்தரவிடுவதில்லை. செய்தவர் செய்து வைத்த ஏற்பாடு, மணிதோறும் தானாக நடக்கிறது.

குறித்த நேரத்தில், ஆள் துணையின்றி, அலுப்புத் தட்டாமல், செய்த வேலையையே திரும்பச் செய்வது! இன்றைய கம்ப்யூட்டர்களிடம் உலகம் எதிர்பார்ப்பதும் இதைத்தான். நள்ளிரவில் கணக்குகளை நகல் எடுத்து வைப்பது, மாதம் பிறந்ததும் சம்பளப் பட்டியல் தயாரிப்பது, மூன்று மணிக்கு ஒரு தடவை வானிலை விவரங்களைச் சேகரிப்பது போன்ற வேலைகளுக்கு எல்லாம் ஒருவர் கண் விழித்து உட்கார்ந்திருக்க முடியாது. அதற்காக ஏற்பட்டதுதான் 'கிரான்' என்னும் ஏற்பாடு. காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டி வந்த பெயர் இது.

கழக்கூட்டத்தில் 1990ல் அமைந்த டெக்னோபார்க், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கங்களில் இருந்து அங்கே வேலைக்கு வரும் வாலிபர்களுக்கு, சேர்ந்த சில நாட்களிலேயே அறிமுகமாகும் சங்கதி இது. பார்த்தால் ஒரே ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியில் ஒரு குறி இடம் மாறினால் ஒரு ராத்திரியில் நடக்க வேண்டியது நடக்காமல் போகும். அல்லது ஒரு தடவை நடக்க வேண்டியது அறுபது தடவை நடந்து விடும்.

ஊருக்குப் புதிதல்ல

திருப்பித் திருப்பிச் செய்யும் வேலை திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. 1837ல் சுவாதித் திருநாள் மகாராஜா இங்கே வானாய்வுக் கூடம் ஒன்றை நிறுவினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் தலைவர். 1852ல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன், பூமியின் காந்த சக்தியை மணிக்கு மணி அளந்து எழுதச் செய்தார். இரவு பகல் பாராமல் ஊழியர்கள் முறை வைத்துக் கருவியின் முன் அமர்ந்து எண்களைக் குறித்தார்கள். பூமியின் காந்த சக்தியில் சுமார் 26 நாட்களுக்கு ஒரு தடவை ஒரே மாதிரி ஏற்ற இறக்கம் திரும்பி வருவதை அவர் எடுத்துக் காட்டினார். சூரியன் தன்னைத் தானே சுற்றிக் கொள்வதோடு தொடர்புள்ள கண்டுபிடிப்பு அது. ஒரு மணி கூட விடாமல் எழுதி வைத்த ஏடுகள் இல்லாவிட்டால் அந்த உண்மை கண்ணில் பட்டிருக்காது.

தும்பாவிலும் அப்படியே. 1963 நவம்பர் 21ந் தேதி முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. பின்னர் சோவியத் நாட்டின் எம்-100 ரக ராக்கெட்டுகள் மேல் வளி மண்டலத்தை ஆராய வாரந்தோறும் புதன்கிழமைகளில் ஏவப்பட்டன. 'புதன் என்றால் ராக்கெட்' என்பது அந்நாளைய அட்டவணை.

கிரான் பிறந்த இடம் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். 1979ல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அது இடம் பெற்றிருந்தது. 1987ல் பால் விக்சி என்பவர் அதைத் திருத்தி எழுதி இலவசமாக வெளியிட்டார். இன்று லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் பரவலாக இருப்பது அவர் வகுத்த பாணிதான். கேரளப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் வைத்தே பாடம் நடக்கிறது. சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் தந்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் இந்த நகரத்துக்கு வந்துதான் அவ்வியக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஐந்து கட்டங்கள்

கிரான் வரியில் முதலில் ஐந்து கட்டங்கள். இடமிருந்து வலமாக நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை. அதன் பிறகு என்ன வேலை என்ற உத்தரவு. நிமிஷம் 0 முதல் 59 வரை. மணி 0 முதல் 23 வரை. ரயில்வேயில் எழுதுவது போல 24 மணிக் கணக்கு. தேதி 1 முதல் 31. மாதம் 1 முதல் 12. கிழமையில் ஞாயிறு 0, திங்கள் 1 என்று தொடங்கி சனி 6. பல கம்ப்யூட்டர்களில் ஞாயிறுக்கு 7 என்றும் போடலாம்.

எண் போட்டால் 'இப்போது மட்டும்' என்று பொருள். நட்சத்திரக் குறி போட்டால் 'எதுவானாலும் சரி' என்று பொருள். இவ்வளவுதான் அடிப்படை. மேத்தன் மணியின் வேலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டுமானால்:

0 * * * *

நிமிஷம் பூஜ்யம், மற்ற நான்கும் எதுவானாலும் சரி. அதாவது ஒவ்வொரு மணியும் முழுமையாகும்போது. ரயில் டிக்கெட் முன்பதிவு தினமும் காலை 8 மணிக்குத் திறக்கிறது. அதை 0 8 * * * என்று எழுதலாம். தும்பாவின் புதன்கிழமை வேலையை, காலை 10 மணிக்கு என்று வைத்துக் கொண்டால், 0 10 * * 3 என்று எழுதலாம்.

நட்சத்திரத்தைத் தவிர இன்னும் மூன்று குறிகள் உண்டு. காற்புள்ளி பட்டியலுக்கு, சிறு கோடு 'இதிலிருந்து இது வரை' என்பதற்கு, சாய்கோடு 'இத்தனைக்கு ஒரு தடவை' என்பதற்கு.

2023 ஏப்ரலில் திருவனந்தபுரம் - காசர்கோடு வந்தே பாரத் ரயில் தொடங்கியபோது காலை 5.20க்குப் புறப்பட்டது; வியாழக்கிழமை ஓய்வு. அந்த அட்டவணையைக் கிரான் வரியாக எழுதினால்:

20 5 * * 0-3,5,6

ஞாயிறு முதல் புதன் வரை, பிறகு வெள்ளி, சனி. வியாழனுக்கு உரிய 4 மட்டும் விடுபட்டிருக்கிறது. டைம் டேபிளில் ரயிலின் பெயருக்கு நேரே ஓடும் கிழமைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இதில் சிரமமே இருக்காது.

சாய்கோட்டின் சூழ்ச்சி

*/15 என்று நிமிஷக் கட்டத்தில் போட்டால் கால் மணிக்கு ஒரு தடவை வேலை நடக்கும். சரி, முக்கால் மணிக்கு ஒரு தடவை வேண்டுமானால் */45 என்று போட்டால் போதுமா? போதாது. கிரான் முந்தைய தடவையில் இருந்து நிமிஷங்களை எண்ணிக் கொண்டே போவதில்லை. ஒவ்வொரு மணியிலும் பூஜ்யத்தில் இருந்து புதிதாக எண்ணுகிறது. ஆகவே 9.00, 9.45, 10.00, 10.45 என்று வேலை நடக்கும். இடைவெளி ஒரு தடவை 45 நிமிஷம், மறு தடவை 15 நிமிஷம். அறுபதை மீதியின்றி வகுக்கும் எண்களுக்கே இடைவெளி சீராக வரும்.

தேதிக் கட்டத்திலும் இதே கதை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று நினைத்து */2 போட்டால் 1, 3, 5 என்று போய் 31ல் நிற்கும். மறுநாள் 1ந் தேதி உடனே மீண்டும் நடக்கும். தேதியில் 31 என்று மட்டும் போட்டு 'மாதக் கடைசி' என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த வேலை வருஷத்தில் ஏழு மாதங்கள்தான் நடக்கும். 28 முதல் 31 வரை நான்கு நாளும் எழுப்பி, 'நாளை 1ந் தேதிதானா?' என்று வேலைக்குள்ளேயே ஒரு கேள்வி கேட்டு, ஆம் என்றால் மட்டும் செய்யச் சொல்வதே சரியான வழி.

அறுபது தடவை

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை நிமிஷக் கட்டத்தில்தான். காலை 6 மணிக்கு ஒரு தடவை என்று எண்ணி * 6 * * * என்று எழுதி விடுவார்கள். இதன் பொருள் என்ன? மணி 6 ஆக இருக்க வேண்டும். நிமிஷம் எதுவானாலும் சரி. 6.00ல் தொடங்கி 6.59 வரை நிமிஷத்துக்கு ஒன்றாக அறுபது தடவை வேலை நடக்கும். 500 பேருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும் வேலையாக இருந்தால், ஒரு மணி நேரத்தில் 30,000 செய்திகள் போயிருக்கும். நட்சத்திரத்தை 'ஒன்றும் இல்லை' என்று வாசிப்பதால் வரும் வினை இது. அது 'எல்லாம்' என்று பொருள்படும்.

இரண்டாம் சனிக்கிழமை

அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. கேரள அரசு ஆபீசுகளுக்கு இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை. அன்று காலை 9 மணிக்கு மட்டும் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கும் வேலை ஒன்றை வைக்க ஒருவர் விரும்புகிறார் என்று கொள்வோம். இரண்டாம் சனி எப்போதும் 8 முதல் 14ந் தேதிக்குள்தான் வரும். ஆகவே அவர் யோசித்து இப்படி எழுதுகிறார்:

0 9 8-14 * 6

தேதி 8 முதல் 14 வரை, கிழமை சனி. இரண்டும் பொருந்தும் நாள் இரண்டாம் சனி. தர்க்கம் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் கிரானின் சட்டம் வேறு. தேதி, கிழமை ஆகிய இரண்டு கட்டங்களிலும் எண் போட்டு விட்டால், இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும் என்று அது எடுத்துக் கொள்ளும். அதனால் 8 முதல் 14 வரை ஏழு நாளும் வேலை நடக்கும். போதாததற்கு மற்ற எல்லாச் சனிக்கிழமையும் நடக்கும். மாதத்துக்கு ஒரு தடவை என்று நினைத்தது பத்து அல்லது பதினோரு தடவை. அதில் பெரும்பாலானவை ஆபீஸ் நடக்கும் நாட்கள்!

மருந்து எளியதே. கிரானுக்குச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்ல வேண்டும். தேதி 8க்கும் 14க்கும் இடையில் இருக்கிறதா என்ற சோதனையை வேலைக்குள் வைக்க வேண்டும்.

ஐந்தரை மணி நேர வித்தியாசம்

வானிலை இலாகாவின் ஒரு நாள் மழைக் கணக்கு காலை 8.30க்கு முடிகிறது. அது என்ன எட்டரை என்று பலர் கேட்பதுண்டு. உலக வானிலை நிலையங்கள் எல்லாம் ஒரே பொது நேரத்தில் கணக்கெடுக்கின்றன. அந்த நேரத்துக்கு 3 மணி என்றால் இந்தியாவில் 8.30. திருவனந்தபுரத்தில் வானிலைப் பலூன் காலையும் மாலையும் ஐந்தரை மணியை ஒட்டிப் பறப்பதற்கும் காரணம் இதுவே. பொது நேரத்தில் அது பூஜ்யம் மணி, 12 மணி.

மூன்று மணிக்கு ஒரு தடவை நடக்கும் இந்தக் கணக்கெடுப்பைப் பொது நேரத்தில் ஓடும் கம்ப்யூட்டரில் 0 */3 * * * என்று எழுதலாம். இந்திய நேரத்தில் ஓடும் கம்ப்யூட்டரில் 30 2-23/3 * * * என்று எழுத வேண்டும். வேலை ஒன்றே; வரி வேறு.

வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் பொது நேரத்தில்தான் ஓடுகின்றன. திங்கள் அதிகாலை 4 மணிக்கு என்று இங்கே முடிவு செய்தால், அங்கே அது ஞாயிறு இரவு 10.30, ஆகவே 30 22 * * 0. கிழமையே மாறி விட்டது பாருங்கள். 1ந் தேதி அதிகாலை 4 மணி என்றால் அங்கே முந்தைய மாதத்தின் கடைசி நாள். 'கடைசி நாள்' என்பதற்கோ கட்டத்தில் எண் கிடையாது.

அமெரிக்க நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறன்று பின்னிரவு 2 மணி அடிக்க வேண்டிய கடிகாரம் 3க்குத் தாவும். நவம்பர் முதல் ஞாயிறன்று 1 மணி முதல் 2 மணி வரை உள்ள நேரம் இரண்டு தடவை வரும். 2.30க்கு வைத்த வேலைக்கு ஒரு நாள் நேரமே இல்லை; 1.30க்கு வைத்த வேலைக்கு ஒரு நாள் இரண்டு நேரம். அனுபவசாலிகள் முக்கிய வேலையை அந்த நேரங்களில் வைப்பதே இல்லை.

நட்சத்திரம் பார்க்கும் நாட்கள்

கிரானின் நட்சத்திரக் குறி வேறு. பஞ்சாங்கத்தின் நட்சத்திரம் வேறு. பத்மநாப சுவாமி கோயிலில் வருஷத்துக்கு இரண்டு பெரிய உற்சவங்கள். தமிழ் மாதங்களின் பெயரோடு பைங்குனி, அல்பசி என்றே அவை இன்றும் வழங்குகின்றன. பைங்குனி உற்சவம் ரோகிணியில் கொடியேறி அத்தத்தில் ஆராட்டோடு நிறையும். அல்பசி உற்சவம் அத்தத்தில் கொடியேறித் திருவோணத்தில் நிறையும். ஆராட்டு ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. 1932ல் ஏற்பட்ட விமான நிலையத்தை விட ஊர்வலத்தின் பாதை பழையது. அதனால் அந்த இரண்டு நாளும் மாலையில் சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. விமானக் கம்பெனிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பும் போகிறது.

கும்ப மாதத்துப் பூர நட்சத்திரத்தில் வரும் ஆற்றுக்கால் பொங்கலையும் அப்படித்தான். 1997ல் 15 லட்சம் பெண்களும், 2009ல் 25 லட்சம் பெண்களும் பொங்கலிட்டதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்து செல்லும் தாய்மார்களுக்காக விசேஷ ரயில்களும் விடப்படுகின்றன.

இந்த நாட்களை ஐந்து கட்டங்களில் எழுத முடியுமா? முடியாது. கிரானுக்குச் சூரியக் கணக்கின் தேதி தெரியும். ரோகிணியும் பூரமும் தெரியாது. ஈஸ்டரும் ரம்ஜானும் கூட அதற்குத் தெரியாது. இதற்கு ஒரு வழிதான் உண்டு. பஞ்சாங்கம் பார்த்து அந்த வருஷத்து நாட்களை ஒரு பட்டியலில் எழுதி வைக்க வேண்டும். தினமும் அதிகாலை கிரான் ஒரு வேலையை எழுப்பும். அது பட்டியலைப் புரட்டி, இன்று அந்த நாளா என்று பார்த்துக் கொள்ளும். வருஷம் முடிந்ததும் பட்டியலும் தீர்ந்து போகும் என்பதை மறக்கக் கூடாது. அதற்கும் கிரானையே காவல் வைக்கலாம். 0 9 1 12 * என்று ஒரு வரி எழுதி வைத்தால், டிசம்பர் 1ந் தேதி காலை 9 மணிக்குப் 'புதுப் பட்டியல் போடுங்கள்' என்று அது நினைவூட்டும்.

டோக்கன் முறை

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் வேலை ஒரு நாள் ஏழு நிமிஷம் இழுத்தால் என்ன ஆகும்? முதல் வேலை முடிந்ததா என்று கிரான் பார்ப்பதில்லை. நேரமானதும் இரண்டாவதைக் கிளப்பி விடும். இரண்டும் ஒரே கணக்கில் கை வைத்தால் விபரீதம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில்களை விடுவது போலத்தான்.

ரயில்வே இதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே வழி கண்டது. ஒற்றைப் பாதைப் பகுதிக்குள் நுழைய டிரைவரின் கையில் டோக்கன் இருக்க வேண்டும். இரண்டு ஸ்டேஷன்களுக்கும் இடையே ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். கம்ப்யூட்டரிலும் அதே முறை. வேலை தொடங்கும்போது ஒரு பூட்டுக் கோப்பைக் கையில் எடுக்க வேண்டும். முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். டோக்கன் கிடைக்காத வேலை சிக்னலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

மௌனமாகத் தோற்கும் வேலை

எல்லாவற்றிலும் கொடியது சத்தமில்லாமல் நின்று போன வேலை. மின்சாரம் போய்க் கம்ப்யூட்டர் அணைந்திருந்த நேரத்தில் கடந்து போன வேலையைச் சாதாரணக் கிரான் பிறகு செய்வதில்லை. 'வண்டி போய் விட்டது, அடுத்த வண்டிக்கு வா' என்பதே அதன் பேச்சு.

2017 ஜனவரி 31ந் தேதி கிட்லேப் என்னும் பிரபல மென்பொருள் நிறுவனத்தில் நடந்தது உலகம் அறிந்த பாடம். கம்ப்யூட்டர் கோளாறு ஒன்றைச் சரி செய்யப் போராடிக் கொண்டிருந்த ஊழியர் ஒருவர், தவறான இயந்திரத்தில் கட்டளை கொடுத்து மூலத் தகவல்களையே அழித்து விட்டார். போனால் போகட்டும், தினமும் தானாக எடுக்கும் நகல் இருக்கிறதே என்று தேடினார்கள். நகல் இல்லை! நகல் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் அந்த வேலை ஒவ்வொரு தடவையும் தோற்றுக் கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைத் தெரிவிக்கக் கிரான் கடிதமும் அனுப்பியிருக்கிறது. ஆனால் அக்கடிதங்களை மெயில் சர்வர் ஏற்காமல் தள்ளி விட்டது; யார் கைக்கும் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு ஓர் ஊழியர் எடுத்து வைத்த பிரதியால் நிறுவனம் தப்பியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தகவல்கள் போனவை போனவைதான். நடந்ததை மூடி மறைக்காமல் நிறுவனமே வெளியிட்டதால் மற்றவர்களும் பாடம் கற்க முடிந்தது.

ஆகவே வேலை தோற்றால் மட்டும் தகவல் வரட்டும் என்று இருப்பது போதாது. வேலை முடிந்தது என்ற தகவல் தினமும் வர வேண்டும். வராத நாளில் மணி அடிக்க வேண்டும். கேட் கீப்பரிடமிருந்து பதில் வரவில்லை என்றால் கேட் மூடியிருக்கிறது என்று எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் எண்ணிக் கொள்வதில்லை அல்லவா? எடுத்த நகலை மாதம் ஒரு தடவையாவது வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பதும் அவசியம். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத கல்லாப் பெட்டி போன்றது.

வாயால் சொல்லிப் பார்த்தல்

கிரான் வரியை வாசிக்க எளிய முறை ஒன்று உண்டு. வலப் பக்கத்தில் இருந்து தொடங்கி, ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் வாய் விட்டுச் சொல்ல வேண்டும். 30 4 * * 1-5 என்றால், 'திங்கள் முதல் வெள்ளி வரை, எல்லா மாதமும், எல்லாத் தேதியும், 4 மணி, 30 நிமிஷம்'. தேதியிலும் கிழமையிலும் ஒரே சமயம் எண் வந்தால், அங்கே 'அல்லது' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். பிழை இருந்தால் சொல்லும்போதே நாக்குத் தட்டும்.

அடுத்து, அந்த வரிப்படி இனி வேலை நடக்கப் போகும் ஐந்து நேரங்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுத வேண்டும். ஐந்தும் நினைத்தபடி இருந்தால் வரி சரி. கம்ப்யூட்டர் எந்த நேரத்தில் ஓடுகிறது, இந்திய நேரமா பொது நேரமா என்பதையும் அதே தாளில் குறிக்க வேண்டும். வரிக்கு மேலே 'இது எதற்காக, யார் வைத்தது' என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தால், பின்னால் அந்த நாற்காலிக்கு வருகிறவர் வாழ்த்துவார்.

பிரவுன் காலத்து ஊழியர் மணிக்கு மணி விளக்கைத் தூண்டி விட்டு அளவு எழுதினார். கை தவறினால் அது அவர் கண்ணுக்கே தெரிந்தது. இன்று எழுதும் ஒரு வரி, எழுதியவர் தூங்கும்போதும், வேலை மாறிப் போன பிறகும் தன் பாட்டுக்கு ஓடிக் கொண்டிருக்கும். எழுதும் அன்றைக்கு ஐந்து நிமிஷம் கூடுதலாகச் செலவிட்டுச் சரி பார்ப்பவருக்கு, நள்ளிரவில் டெலிபோன் மணி அடித்து எழுந்து ஓட வேண்டிய நிலைமை அநேகமாக வராது.